போடிமெட்டு வழியாக 25 வண்டி: கூட்டமாகப் போனால் பாதுகாப்பா?

மே 4, உத்தமபாளையம் வாசகர் கேட்டது

நண்பர்கள் சேர்ந்து 25 வண்டியில் கிளம்புகிறோம். போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு, மறையூர், உடுமலை, அப்படியே பழனி வழியாக வீடு. புல்லட் இருக்கிறது, 125 சிசி வண்டி இருக்கிறது, ஸ்கூட்டர்கூட இரண்டு வருகிறது. வீட்டில் பயப்படுகிறார்கள். தனியாகப் போவதைவிடக் கூட்டமாகப் போவது பாதுகாப்பு என்பது என் வாதம். 25 வண்டி சேர்ந்து வந்தால் பஸ்காரர்கூட ஒதுங்கித்தானே ஆக வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மே 4, இரவு

ஒதுங்க மாட்டார் தம்பி. அந்த மலையில் 17 கொண்டை ஊசி வளைவு. பஸ் திரும்ப ரோடு முழுவதும் வேண்டும். டிரைவர் நினைத்தாலும் ஒதுங்க இடம் கிடையாது. எதிரே ஒரு வண்டி வந்தாலும் 25 வண்டி வந்தாலும் பஸ்ஸின் நீளம் குறையப் போவதில்லை.

எனக்கு வீடு போடியில், வேலை பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கணக்கு. அந்த ரோட்டில்தான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை பசங்களோடு கூட்டமாகவும் போவேன், மற்ற நாளில் உங்களைப் போன்ற கூட்டத்துக்கு எதிரே ஒற்றை வண்டியிலும் வருவேன். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் எழுதுகிறேன். மீதி நாளைக்கு.

மே 5

கணக்குப்பிள்ளை என்பதால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் இரண்டு வினாடி இடைவெளி வேண்டும். முன் வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டும்போது எண்ண ஆரம்பித்தால், நாம் அதே கல்லுக்கு வர இரண்டு வினாடி ஆக வேண்டும். மலையில் 30 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் ஒரு வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகிறோம். அப்படியானால் இடைவெளி 16, 17 மீட்டர். 25 வண்டிக்கு 24 இடைவெளி. ஆக மொத்தம் 400 மீட்டர் நீளம். முதல் வண்டி மேல் வளைவைத் திரும்பிக் கொண்டிருக்கும்போது கடைசி வண்டி அதற்கு நேர் கீழே இருக்கும். லீட் போகிறவர் பார்க்கிற ரோடு வேறு, கடைசி ஆள் பார்க்கிற ரோடு வேறு.

இதற்குள் ஒரு சிமெண்ட் லாரி வந்து கடைசி ஐந்து பேரை மறித்துக்கொள்கிறது என்று வைப்போம். லாரி 20-ல் ஏறுகிறது, முன்னால் உள்ளவர்கள் 40-ல் போகிறார்கள். ஒரே நிமிடத்தில் 330 மீட்டர் பின்தங்கிவிடுவார்கள். லாரியைத் தாண்டிய பிறகு முன்னால் உள்ளவர்களைப் பிடிக்க 50-ல் இரண்டு நிமிடம் விரட்ட வேண்டும். இரண்டு நிமிடத்தில் எத்தனை வளைவு வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சாட்டையைச் சுழற்றினால் பிடி மெதுவாகத்தான் அசையும், நுனிதான் பறக்கும். கூட்டமும் அப்படித்தான். முன்னால் போகிறவருக்கு "நிதானமாகத்தானே போனோம்" என்று இருக்கும். பின்னால் வந்தவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இந்த இருவருமே பொய் சொல்லவில்லை.

கீழே விழுந்து நான் பார்த்தவர்கள் பெரும்பாலும் வேகப் பைத்தியங்கள் இல்லை. விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயந்தவர்கள்.

மே 5, மதியம்

"அப்போ போகவே வேண்டாமா அண்ணே?" என்று உத்தமபாளையம் தம்பி கேட்டிருக்கிறார். போங்கள். 25 பேராகப் போகாதீர்கள், ஐந்து ஐந்து பேராகப் போங்கள். ஒரு கூட்டம் கிளம்பி இரண்டு மூன்று நிமிடம் கழித்து அடுத்தது. 30 வேகத்தில் இரண்டு நிமிடம் என்றால் நடுவே ஒரு கிலோமீட்டர் ரோடு காலியாக இருக்கும். பஸ், ஜீப், கார் எல்லாம் அதில் நுழைந்து தாண்டிப் போய்விடும். டீக்கடையில் 25 பேரும் சேர்ந்து உட்காருங்கள், அங்கே யாரும் தடுக்கப் போவதில்லை. கடைக்காரர் மட்டும் பால் போதுமா என்று எட்டிப் பார்ப்பார்.

மே 6

ஐந்து பேரில் வரிசை எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொதுவாக நல்லா ஓட்டுகிறவர்கள் எல்லாரும் முன்னால் போய்விடுவார்கள், தடுமாறுகிறவர்கள் பின்னால் வருவார்கள். அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். வழி தெரிந்த, நிதானமான ஆள் முதலில். அவருக்குப் பின்னாலேயே குழுவில் மிகவும் புது ஆள், அல்லது மிகச் சின்ன வண்டி. கடைசியில் நன்றாக ஓட்டத் தெரிந்த, பஞ்சர் கிட், முதலுதவிப் பை வைத்திருக்கிற ஆள். அவரைத் தாண்டிப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. லீட் போகிறவர் இரண்டாவது ஆளின் முகவிளக்கைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வேகத்தை வைக்க வேண்டும்.

அப்புறம் பிரிவு ரோடு. இதுதான் முக்கியம். பூப்பாறையில் ரோடு பிரிகிறது: மூணாறுக்கு ஒன்று, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கம் ஒன்று. அந்த இடத்தில் லீட் கை காட்டுவார், அவருக்கு அடுத்த ஆள் ஓரமாக நிற்பார். மற்றவர்கள் அவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். கடைசி ஆள் வந்ததும் நின்றவர் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். இது இருந்தால் முன் வண்டி கண்ணில் பட வேண்டும் என்ற அவசியமே இல்லை. பிரிவில் ஆள் நிற்பார் என்று தெரிந்தால் யாரும் விரட்ட மாட்டார்கள்.

மே 6, இரவு

செங்கோட்டை நண்பர் மடக்கிவிட்டார். "இரண்டாவது ஆள் புது ஆள் என்கிறீர்கள், பிரிவில் இரண்டாவது ஆளை நிறுத்தச் சொல்கிறீர்கள். ஆக மூடுபனியில் ரோட்டோரம் தனியாக நிற்கப் போவது புதுப் பையனா?"

நல்ல கேள்வி. மூன்றாவது ஆளை நிறுத்துங்கள். அவர் சேர்ந்த பிறகு அடுத்த பிரிவில் யார் மூன்றாவதோ அவர் நிற்பார். முதல், இரண்டாம், கடைசி இடம் மாறாது, நடுவில் மட்டும் சுற்றும்.

நிற்கிற இடமும் முக்கியம். திருப்பத்தின் உள்ளே நிற்கக் கூடாது. பிரிவைத் தாண்டி, போக வேண்டிய ரோட்டில் வண்டியைத் தார் விளிம்புக்கு வெளியே இறக்கி, ஆள் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும்.

மே 7

இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. போன வருஷம் எங்கள் கூட்டத்தில் பூப்பாறையில் நிறுத்திய ஆள் பஜ்ஜி வாசத்துக்கு மயங்கிக் கடைக்குள் போய்விட்டார். பின்னால் வந்தவர்கள் ரோடு நன்றாக இருக்கிறதே என்று நேரே சாந்தன்பாறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நல்ல ஊர்தான், குறை ஒன்றும் இல்லை. மூணாறு மட்டும் அங்கே இல்லை.

மே 8

கோவை நண்பர் ஜிக்ஜாக் வரிசை பற்றிக் கேட்டிருக்கிறார். சமவெளியில் சரி. முதல் வண்டி தன் தடத்தின் வலப் பக்கம், அடுத்தது இடப் பக்கம், மூன்றாவது மறுபடி வலம். கோணலாக முன்னால் இருப்பவருக்கு ஒரு வினாடி, நேர் முன்னால் இருப்பவருக்கு இரண்டு வினாடி. தேனியிலிருந்து போடி வரை இப்படி வரலாம். மலையடிவாரத்தில் உள்ள முந்தல் தாண்டினால் அதை மறந்துவிட வேண்டும். மலையில் ஒற்றை வரிசைதான். பள்ளத்துக்கோ கல்லுக்கோ விலக ஒவ்வொருவருக்கும் தடத்தின் முழு அகலமும் வேண்டும்.

இன்னொன்று. வலது வளைவில் நடுக்கோட்டை ஒட்டிப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். டயர் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கும். வண்டி சாய்ந்ததும் ஹெல்மெட்டும் தோளும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும். எதிரே ஜீப் வந்தால் ஜீப்பின் கண்ணாடி உயரத்தில் அவர் தலை. "நான் என் பக்கத்தில்தான் வந்தேன்" என்று சத்தியம் செய்வார். டயரைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

மே 9

ஜீப் என்றதும் ஞாபகம் வந்தது. போடி, தேனி, கம்பம் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குத் தினமும் ஜீப்பில்தான் ஆள் ஏறுகிறார்கள். காலை எட்டு மணிக்குள் எல்லா ஜீப்பும் மேலே போயாக வேண்டும், சாயங்காலம் நாலுக்கு மேல் இறங்க ஆரம்பிக்கும். அந்த டிரைவர்களுக்கு ரோடு மனப்பாடம், அதனால் வேகமும் அப்படி. உள்ளே முதுகை வளைத்து வேலை செய்துவிட்டு வருகிற பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக இருப்பார்கள். உங்கள் கூட்டத்தைப் பார்த்து ரசிக்கிற மனநிலையில் யாரும் இருக்க மாட்டார்கள். எட்டரைக்கு மேல் போடியிலிருந்து கிளம்புங்கள்.

மே 9, பிறகு

விடியற்காலை சூரியோதயம் பார்க்க வேண்டும் என்பவர்கள் முந்தின நாளே மேலே போய்த் தங்கிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

மே 11

கொண்டை ஊசி வளைவில் உண்மையில் என்ன நடக்கிறது என்று எழுதச் சொன்னார்கள்.

மேலே ஏறும்போது இடது பக்கம் திரும்புகிற வளைவுதான் சிக்கல். நம் தடம் உட்புறம். உட்புறம்தான் செங்குத்து. மேலிருந்து பஸ் மூக்கை நீட்டுகிறது. முதல் வண்டி கைப்பிடிச் சுவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து போய்விடுகிறார். இரண்டாவது ஆள் அவர் போனாரே என்று போகிறார். மூன்றாவது ஆள் வரும்போது பஸ்ஸின் பின்சக்கரம் உள்ளே வந்து அடைத்துக்கொள்கிறது. அவர் அந்தச் செங்குத்தில் பிரேக் பிடித்து நின்று இடது காலை ஊன்றப் பார்க்கிறார். தரை அங்கே இல்லை, ஒரு அடி கீழே இருக்கிறது. வண்டி மெதுவாக, மிக மெதுவாக இடப் பக்கம் சாய்கிறது. 190 கிலோ புல்லட்டைச் சாய்ந்த பிறகு யாராலும் நிறுத்த முடியாது. நாலாவது ஆள் அவர் மேல் ஏறாமல் இருக்க வேண்டுமானால் அந்த இரண்டு வினாடி இடைவெளி இருந்திருக்க வேண்டும்.

குறுகலான மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டமே. 2017 ஓட்டுநர் விதிமுறைகளில் இருக்கிறது. ஆனாலும் பஸ் பாதித் திருப்பத்தில் இருக்கும்போது சட்டம் பேசிப் பயனில்லை. வளைவுக்கு முன்னாலேயே சமமான இடத்தில் நில்லுங்கள், பஸ் முழுதாகத் திரும்பி வரட்டும், பிறகு ஒவ்வொருவராக முதல் கியரில் ஏறுங்கள். முன்னால் போனவர் தாண்டினார் என்பது நமக்கு அனுமதி இல்லை. லாரியை முந்துவதிலும் இதேதான். ஒவ்வொருவரும் எதிர் ரோட்டைத் தன் கண்ணால் பார்த்த பிறகே முந்த வேண்டும். முந்தியவர் உடனே வேகம் குறைத்தால் பின்னால் வருகிறவர் புக இடம் இருக்காது, கொஞ்சம் முன்னால் போய்ப் பின்னவருக்கு இடம் விட வேண்டும்.

மே 12

ஹெல்மெட் இண்டர்காம் வாங்கினால் இந்தப் பிரச்சினை எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார் ஒருவர். இருந்தால் நல்லதுதான். பெட்ரோல் போட நிற்கிறோம், ஒருவர் வண்டி பஞ்சர் என்று சொல்ல உதவும். ஆனால் முன்னால் போகிறவர் "பஸ் வருது, பஸ் வருது" என்று கத்தும்போது ஐந்தாவது ஆளுக்கு எந்த பஸ் என்றே தெரியாது. அந்த பஸ் போன பிறகு அவர் பார்ப்பது அடுத்த பஸ்ஸை. "ரோடு காலி, வா" என்பது இன்னும் மோசம். சொன்ன வினாடியில் காலி, கேட்கிற வினாடியில் ஜீப். எங்கள் கூட்டத்தில் வழி, பஞ்சர், டீ தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்று வைத்திருக்கிறோம். அரசியல் கண்டிப்பாகக் கூடாது.

நாலு இண்டிகேட்டரையும் சேர்த்து எரியவிட்டுக் கூட்டமாகப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாம் எரிந்தால் நீங்கள் இடமா வலமா என்று பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்? அது நின்றுபோன வண்டிக்கு உள்ள விளக்கு.

மே 14

மறையூரைத் தாண்டி வருகிற சின்னாறு காடு பற்றி யாருமே கேட்கவில்லை. யானை பற்றி நானே சொல்கிறேன்.

"அரிக்கொம்பனைத்தான் பிடித்துவிட்டார்களே" என்று ஒரு தம்பி போன வாரம் நேரில் சொன்னார். உண்மை, 2023 ஏப்ரல் கடைசியில் சின்னக்கானலில் பிடித்தார்கள். மே கடைசியில் அது கம்பத்துக்குள்ளேயே வந்து நின்றது, ஜூனில் மறுபடி பிடித்துத் தெற்கே கொண்டுபோனார்கள். அது ஒரு யானை தம்பி. மற்ற யானைகள் ராஜினாமா செய்துவிட்டுப் போகவில்லை.

சின்னாறு சரணாலயத்திலும், எல்லை தாண்டி ஒன்பதாறு சோதனைச்சாவடி வரையிலும் ரோட்டில் யானை நிற்பது சாதாரணம். ஒற்றை வண்டியாக இருந்தால் தூரத்தில் நின்று திரும்பிவிடலாம். கூட்டமாகப் போனால் முன் வண்டி நின்றதும் பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் போட்டோ எடுக்க நெருங்கி ஒட்டி நின்றுவிடுவார்கள். யானை ஒரு அடி முன்னால் வைத்தால் முதல் ஆளுக்குத் திரும்ப இடமே இருக்காது. அங்கே முதலில் திரும்ப வேண்டியது கடைசி வண்டி. அதற்குத்தான் கடைசியில் நிதானமான ஆள் வேண்டும் என்றேன். ஹாரன் வேண்டாம், ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டாம், இன்ஜினை ஓடவிட்டபடி தள்ளியே நில்லுங்கள். அது போகிற நேரத்துக்குப் போகும். சாயங்காலத்துக்கு முன்னால் அந்தக் காட்டைத் தாண்டிவிடும்படி திட்டம் போடுங்கள்.

மே 15

பெட்ரோல்: போடியிலேயே நிரப்புங்கள், கேரளாவில் விலை கூட. நிறுத்தங்களைக் குழுவிலேயே மிகச் சின்ன டேங்க் வண்டியை வைத்துப் போடுங்கள். புல்லட்காரர் "எனக்கு இன்னும் 200 கிலோமீட்டர் ஓடும்" என்பதைக் காதில் வாங்காதீர்கள்.

மே 17

ஒருவர் விழுந்தால் என்ன செய்வது என்று உத்தமபாளையம் தம்பியே கேட்டிருக்கிறார்.

எல்லாரும் நிற்காதீர்கள். வளைவில் ஒருவர் விழுந்து கிடக்க, சுற்றி இருபது பேரும் இருபது வண்டியும் நின்றால் அடுத்து வருகிற காருக்கு அத்தனை பேரும் இலக்கு. விழுந்தவரிடம் இருவர் போதும். ஒருவர் மேல் வளைவுக்கு, ஒருவர் கீழ் வளைவுக்கு ஓடி வருகிற வண்டியை நிறுத்த வேண்டும். மற்றவர்கள் அகலமான இடம் வரும்வரை போய்க் காத்திருக்க வேண்டும். யார் எதற்கு என்று கிளம்பும் முன்பே பேசிவைத்துவிடுங்கள், அந்த நேரத்தில் யோசிக்க வராது. மூச்சு விடச் சிரமம் இல்லையென்றால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள். எழுப்பி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

108 இரண்டு மாநிலத்திலும் உண்டு. எல்லையில் செல்போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருக்கிறதோ அந்தப் பக்கம் போகும், அதனால் ஊர்ப் பெயரோடு மாநிலத்தையும் சொல்லுங்கள். போடிமெட்டுப் பக்கம் என்றால் பெரிய ஆஸ்பத்திரி கீழே தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி. உதவி செய்தால் போலீஸ் அலைக்கழிப்பார்கள் என்று வழிப்போக்கர்கள் தயங்குவார்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

மே 18

பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் ஹெல்மெட். கேரளாவில் 2019 டிசம்பரிலிருந்து இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள், 2023 ஜூன் முதல் ரோட்டுக் கேமராவும் பிடிக்கிறது. கேமராவுக்காகப் போடுகிறவர்கள் பூப்பாறையில் போட்டு போடிமெட்டில் கழற்றுகிறார்கள். 17 வளைவும் எல்லையான போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது என்பதை யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும்.

மே 20

5-ம் தேதி "ஐந்து ஐந்து பேர்" என்று எழுதியதை இப்போது யோசித்தால், உங்களுக்கு அது ஒத்துவராமல் போகலாம். ஐந்து குழுவுக்கு ஐந்து லீட், ஐந்து கடைசி ஆள், மொத்தம் பத்து நிதானமானவர்கள் வேண்டும். 25 நண்பர்களில் பத்துப் பேர் நிதானமா? எட்டு எட்டாக மூன்று குழு, வழி நன்றாகத் தெரிந்த ஒருவர் அரை மணி முன்னால் தனியாகப் போய் மழை, மண் சரிவு பார்த்து நிறுத்தத்தில் காத்திருப்பது என்று வைத்தால் மூன்று குழுவுக்கும் லீட், கடைசி ஆள் என ஆறு நிதானமானவர்கள் போதும். எட்டு பேர் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் பதற்றக்காரரை லீட் ஆக்கி ஐந்து பேரை அவர் பின்னால் அனுப்புவதைவிட இது மேல்.

மே 22

ஜூனில் போவதாக முடிவு செய்திருக்கிறார்கள். போடியில் வெயில் அடிக்கும், மேலே கேரளத்து மழை கொட்டும். கீழே காய்ந்த ரோட்டைப் பார்த்துவிட்டு ரெயின்கோட்டை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். போடிமெட்டு டீக்கடை வாசலிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். பூப்பாறைக்கும் மூணாறுக்கும் நடுவே உள்ள காப் ரோட்டில் மழை பிடித்த பிறகு பாறைக்கு அடியில் ஒதுங்கி மாட்ட நினைக்காதீர்கள், அங்கே மேலிருந்து கல் விழும். போர்வை மாதிரி தொங்குகிற மழைக்கோட்டு வேண்டாம், காற்றில் பறந்து செயினில் சிக்கும். சட்டை, பேண்ட் தனித்தனியாக உள்ளது வாங்குங்கள். ஈர ரோட்டில் இரண்டு வினாடியை நாலாக்குங்கள்.

மே 25

ஸ்கூட்டர் பற்றிக் கேட்டவருக்கு. ஏறுவதில் பிரச்சினை இல்லை, மூச்சு வாங்கினாலும் ஏறிவிடும். இறங்கும்போதுதான். கியர் வண்டியை இரண்டாவது கியரில் போட்டால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு, எல்லாப் பாரமும் பிரேக் மேல். டிரம் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி, லிவர் கைப்பிடி வரை வந்தும் பிடிக்காது. விட்டு விட்டு அழுத்துங்கள், முன் பின் இரண்டையும் பயன்படுத்துங்கள், இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக விட்டுவிடாமல் லேசாக வைத்திருந்தால் கிளட்ச் பிடித்துக் கொஞ்சமாவது இன்ஜின் தடுக்கும். ஸ்கூட்டர் இருக்கிற குழுவுக்கு இறக்கத்தில் ஸ்கூட்டர் வேகம்தான் வேகம். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் கால் மணி நேரம் நிறுத்துங்கள். சூடு தணிந்ததா என்று டிரம்மைத் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் தோல் அதில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரும் ஊற்றாதீர்கள், தானாக ஆறட்டும்.